விளாத்தி: காய், பழம், இலை, பிசின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரைக்கும், அங்காலே முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமும், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டோரத்தில் விளாத்தியும் நிற்கும். வளவுக்குள் யாரும் நடாமலே முளைத்து நிற்பதும் உண்டு. பழத்தைத் தின்னத் தெரியாதவர் இங்கே இல்லை. மருந்தாக எடுக்கும்போதுதான் பிழை விடுகிறோம். பிழைகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில் நடக்கிறது: காயும் பழமும் ஒரே மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் இந்த விடயம் திரும்பத் திரும்ப வரும்.

விளாவும் வில்வமும் ஒன்றா?

இல்லை. இரண்டும் எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள், இரண்டுக்கும் ஓடு, இரண்டுக்கும் முள். உறவு அவ்வளவோடு சரி.

இலையைப் பார்த்தால் சந்தேகமே வராது. வில்வத்துக்கு ஒரு காம்பில் 3 இலை. விளாவுக்கு நடுநரம்பின் இருபக்கமும் சோடி சோடியாகவும் நுனியில் ஒன்றுமாக 5 அல்லது 7 சிற்றிலை. கசக்கினால் பெருஞ்சீரகம் கலந்த ஒரு மணம் வரும். விளாங்காயின் ஓடு சாம்பல் வெள்ளை நிறம், தடவினால் சொரசொரக்கும், நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிரும். வில்வங்காயின் ஓடு வழுவழுப்பு; பச்சையாக இருந்து பழுக்கும்போது மஞ்சளாகும். உடைத்தால் விளாம்பழச் சதை மண்ணிறம், புளிப்பு, சிறு விதைகள் சதை முழுவதும் கலந்து கிடக்கும். வில்வச் சதை செம்மஞ்சள், விதைகள் பிசுபிசுத்த பசைப் பைகளுக்குள் இருக்கும்.

இந்த வேறுபாட்டை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வுட் அப்பிள்' என்ற பெயரை இந்தியாவில் பலர் வில்வத்துக்கும் வைத்து எழுதுகிறார்கள். கைத்தொலைபேசியில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் வில்வத்தின் அளவும் குணமும் விளாவின் படத்தோடு வந்து நிற்கும். 'பெலிமல்' என்று கடையில் விற்கிற காய்ந்த பூ, வில்வப் பூ. விளாம்பூ அல்ல. பத்து வேர் சேரும் தசமூல மருந்தில் சேர்வதும் வில்வ வேர்தான். விளாவின் தாவரவியற் பெயர் லிமோனியா அசிடிஸ்ஸிமா. பழைய புத்தகங்களில் ஃபெரோனியா எலிஃபன்டம் என்று இருக்கும். இந்த இரண்டு பெயரில் ஒன்று இருந்தால் மட்டும் படியுங்கள்.

காய், செங்காய், பழம்: உடைக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போடுங்கள். காய் துள்ளும். முற்றினது துள்ளாமல் 'தொப்' என்று இருக்கும். அடுத்தது, காதருகே பிடித்துக் குலுக்குங்கள். நன்றாகப் பழுத்ததில் சதை ஓட்டை விட்டுக் கழன்று உள்ளே உருளும், சத்தம் கேட்கும். காம்பு இருந்த இடத்தை மணந்தால் புளிப்பு மணம் அடிக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் பழம்.

செங்காய் என்பது இடைப்பட்டது. துள்ளாது, உருளவும் செய்யாது. உடைத்தால் ஓரம் வெளிர் நிறமாகவும் நடு மண்ணிறமாகவும் இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன இதுதான் திறம். பழமாக வேண்டுமென்றால் வெயில் படுகிற இடத்தில் 2 கிழமை விடுங்கள். பச்சைப் பிஞ்சைக் கொக்கத்தடியால் இழுத்து வைத்தால் எத்தனை கிழமை போனாலும் பழுக்காது. உள்ளே காய்ந்து மரக்கட்டையாகிவிடும்.

குலுக்கும்போது பாரமே இல்லாமல், ஓட்டில் ஊசித் துளையும் இருந்தால் எறிந்துவிடுங்கள். பூச்சி உள்ளே போய் முடித்துவிட்டது.

வயிற்றோட்டத்துக்கு விளாங்காய் கொடுக்கலாமா? எவ்வளவு, எப்படி?

பெரியவர்களுக்கு, இரத்தமும் காய்ச்சலும் இல்லாத சாதாரண வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை ஜீவனி, அதாவது வற்றின தண்ணீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் தூள். ஒரு பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் குடிக்க வேண்டும். கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். அரைப் பைக்கற்றை அரை லீற்றரில் என்று கண்மட்டத்தில் பிரிக்கக் கூடாது. உப்புக் கூடினால் தீங்கு. வயிற்றோட்டத்தில் ஆளைக் கொல்வது தண்ணீர் வற்றுவதுதான். விளாங்காய் வற்றின தண்ணீரைத் திருப்பித் தராது.

இனி காய். முற்றின விளாங்காய் ஒன்றைக் கத்தியின் முதுகால் தட்டி உடைத்து, சதையைச் சிரட்டைக் கரண்டியால் வழித்தெடுங்கள். இரும்புக் கத்தியால் சுரண்டினால் சதை கறுத்துப்போகும். காயில் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. நஞ்சல்ல, ஆனால் வாயில் வைக்க முடியாது. வழித்த சதையில் 1 மேசைக்கரண்டி எடுத்து அம்மியில் மைபோல அரைத்து, ஒரு கப் மோரில் கரைத்து வடியுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. காலை ஒன்று, மாலை ஒன்று. எருமைத் தயிர் கெட்டியாக இருக்கும். 1 பங்கு தயிருக்கு 3 பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, திரண்டு வரும் வெண்ணெயை எடுத்துவிட்டு மோரை மட்டும் பயன்படுத்துங்கள். கொழுப்போடு கொடுத்தால் வயிறு இன்னும் புரளும்.

விளாவும் மோரும் சேர்வது இன்று நேற்று வந்த கைமருந்தல்ல. விளா, வில்வம், புளியாரை, மோர், மாதுளை ஐந்தும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதையிலேயே உண்டு.

எத்தனை நாளைக்கு? 2 நாள். நிற்காவிட்டால் மருந்தைக் கூட்ட வேண்டாம், ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் இரத்தம் அல்லது சளி, காய்ச்சல், விடாத சத்தி, 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் காயைத் தொடவே கூடாது. துவர்ப்பு குடலின் போக்கைக் கட்டும், கிருமியைக் கொல்லாது. வெளியேற வேண்டியது உள்ளே தங்கிவிடும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஜீவனியும் தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும்தான், காய் வேண்டாம்.

காய் கிடைக்கவில்லை, பழத்தைக் கொடுத்தால் என்ன?

வேலை செய்யாது. சிலருக்கு ஓட்டம் கூடும். காயில் இருக்கும் துவர்ப்பு பழுக்கப் பழுக்கக் குறைந்து புளிப்பும் இனிப்பும் ஏறுகிறது. அதற்குள் நாங்கள் பனங்கட்டியையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்துவிடுகிறோம். ஓட்டம் போகிற வயிற்றுக்கு இனிப்பும் கொழுப்பும் எதிரி.

தொண்டைக்கும் இதே கதைதான், தலைகீழாக. பச்சைக் காய் குரலைக் கெடுக்கும், பழம் தொண்டைக்கு நல்லது என்பது பழைய வைத்திய நூல்களின் தீர்ப்பு. காயைத் தின்றவுடன் தொண்டை இழுத்துப் பிடிப்பதை யாரும் உணரலாம். கோயிலில் தேவாரம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அன்று காலையில் விளாங்காய் கொடுக்காதீர்கள்.

விக்கலுக்குப் பழச்சதை ஒரு தேக்கரண்டி, சிறிது திப்பிலித்தூளும் தேனும் சேர்த்து நக்கக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கெடுதல் இல்லை. 2 நாளுக்கு மேல் நீடிக்கிற விக்கல் வேறு வருத்தத்தின் அடையாளம்.

விளாங்காய் வற்றல் எப்படிப் போடுவது? எங்களுடையது பூஞ்சணம் பிடிக்கிறது.

பெரும்பாலும் தடிப்பாக வெட்டுவதாலும், மாரியில் போடுவதாலும் வருகிற வினை. முறை இது:

முற்றின, ஆனால் பழுக்காத காய். உடைத்துச் சதையை ஓட்டிலிருந்து கழற்றி, அரை விரல் தடிப்புக்கு மேல் போகாமல் துண்டாக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு வடித்துச் சுளகில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புங்கள். சோளகக் காற்று வீசுகிற காலத்தில் 4 நாள் போதும். பகலில் இரண்டு தரம் புரட்ட வேண்டும். பின்னேரம் 4 மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் அன்றைய வெயில் வீண். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டை முறியுங்கள். 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்க மூடி, 3 நாள் கழித்துப் பாருங்கள். போத்தலின் உள்பக்கம் மங்கலாகியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். கொட்டி மறுபடி வெயிலில் வையுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தால் பூஞ்சணக் கதையே வராது. பச்சையோ கறுப்போ பிடித்த துண்டைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது மேற்பகுதி மட்டும்தான், நச்சு உள்ளே போயிருக்கும்.

இடித்துச் சலித்த தூளில் பெரியவர்க்கு ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி, மோரில் அல்லது இளஞ்சூட்டு வெந்நீரில், நாளுக்கு 2 வேளை. சரக்குக் கடையில் 'கபித்தாஷ்டக சூரணம்' கேட்டால் கிடைக்கலாம். அதில் 8 பங்கு விளா, 6 பங்கு சர்க்கரை, மாதுளை, வில்வம், திப்பிலி முதலானவை சேரும். சர்க்கரை இருப்பதால் சீனி வருத்தக்காரர் பரியாரியாரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

இலை எதற்கு?

செமியாக்குணத்துக்கு. வயிறு ஊதல், சாப்பிட்டதெல்லாம் மேலே வருவது, பெரிய விருந்துக்கு அடுத்த நாள் மந்தம். கொழுந்தும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் நடுத்தர இலை ஒரு கைப்பிடி, தட்டின வேர்க்கொம்பு சிறு துண்டு, சீரகம் அரைத் தேக்கரண்டி. 2 கப் தண்ணீரில் மண்சட்டியில் மூடி, சிறு நெருப்பில் அரைக் கப்பாக வற்றும் வரை. மூடாமல் காய்ச்சினால் மணம் முழுவதும் வீட்டுக்குப் போய்விடும். வயிற்றுக்கு வேலை செய்வதே அந்த மண எண்ணெய்தான். சாப்பாட்டுக்குப் பிறகு, சூடாக, ஒரு தரம்.

இலை பறிக்கும்போது முள்ளைக் கவனியுங்கள். ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் நேரான முள், 2 முதல் 4 செ.மீ. வரை. நுனி உள்ளே முறிந்தால் சீழ் வைக்கும். துருப்பிடித்த கம்பி ஏறினால் எப்படி ஏற்பூசி பற்றி யோசிப்பீர்களோ, மண்ணில் கிடந்த விளாமுள் காலில் ஏறினாலும் அப்படியே யோசியுங்கள்.

இலைச்சாற்றை முகத்திலும் தேமலிலும் பூசலாமா?

பூசிவிட்டு வெயிலுக்குப் போகக் கூடாது. இந்தக் குடும்பத்து மரங்களில், விளாவிலும்தான், பேர்காப்டன், சோராலென் என்ற பொருள்கள் உண்டு. இவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் எரிந்து, கொப்புளித்து, பிறகு மாதக்கணக்காகக் கறுப்புத் தழும்பாக நிற்கும். தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வயலுக்குப் போய் இப்படி வந்தவர்கள் உண்டு. வன்னி வெயிலைச் சொல்லவும் வேண்டுமா? தேமலுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல களிம்பு இருக்கிறது.

விளாம்பிசின் என்று ஒன்று விற்கிறார்களே, அது என்ன செய்யும்?

கோடையில் மரப்பட்டை வெடித்து வடிந்து இறுகுகிற பிசின். கருவேலம் பிசினைப் போலவே தண்ணீரில் கரையும். சித்த வைத்தியத்தில் இதைக் குடல் எரிவுக்கும் வயிற்றுளைவுக்கும் மற்ற மருந்துகளைத் தாங்கி நிற்கும் பொருளாகவும் சேர்ப்பார்கள். வீட்டில் எடுப்பதானால் தூசி இல்லாத வெளிர் துண்டுகளை மட்டும் பொறுக்கி, ஒரு தேக்கரண்டியை அரைக் கப் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் துணியால் வடித்துக் குடிக்கலாம். குளிசை ஏதும் எடுப்பவர் அதற்கு 2 மணித்தியாலம் முன்போ பின்போ குடிக்க வேண்டும், பிசின் மருந்தைச் சுற்றிக்கொள்ளும்.

பிசினுக்காகப் பட்டையைச் சுற்றி வெட்டுவது மரத்தைக் கொல்வதற்குச் சமம். தானாக வடிந்ததை எடுங்கள். மருந்துக்கு வேண்டாமென்றால் கடிதம் ஒட்டப் பயன்படும், முன்பு மைக்கும் சாயத்துக்கும் சேர்த்திருக்கிறார்கள்.

விளாம்பழப் பால் சிலவேளை கசக்கிறது, ஏன்?

கிரைண்டரில் போட்டு அடித்திருப்பீர்கள். விதை உடைந்தால் கசப்பும் நறநறப்பும் வரும். கையால் பிசைய வேண்டும். ஒரு பெரிய பழத்தின் சதைக்கு ஒரு கப் தண்ணீர் விட்டு, 10 நிமிடம் ஊறவிட்டு, விரலால் மசித்துக் கண்ணறை பெரிய வடியில் தேய்த்தெடுங்கள். தேங்காய் முதற்பால் ஒரு கப், சீவின பனங்கட்டி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு கல். உப்பை விடாதீர்கள், அது இல்லாமல் புளிப்பு முன்னே நிற்கும். பால் விட்ட பிறகு சூடாக்கினால் திரையும். 2 மணித்தியாலத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

ஜாம் போடுபவர்களுக்கு ஒரு வரி: பழத்திலேயே புளிப்பும் பெக்டினும் நிறைய இருப்பதால் தேசிக்காய் வேண்டாம். வடித்த சாற்றுச் சதைக்குச் சமனான எடை சீனி. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சாய்த்துப் பாருங்கள், ஓடாமல் சுருங்கினால் இறக்குங்கள். அதற்கு மேல் 5 நிமிடம் விட்டால் ரப்பர். அலுமினியச் சட்டி கூடாது, புளிப்பு அதைத் தின்னும்.

சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், கர்ப்பம் இருப்பவர்கள்?

சீனி வருத்தத்துக்கு இலையும் காயும் நல்லது என்று நிறையப் பேசப்படுகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் சீனி குறைந்திருப்பது உண்மை. அதை வைத்துக் கிளினிக் குளிசையை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். மற்றப் பக்கமும் ஆபத்து உண்டு. குளிசையும் எடுத்து, தினமும் இலைக் கசாயமும் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, வியர்த்து மயக்கம் வரலாம். குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். பழம் தின்னலாம், ஒரு நேரத்துக்கு அரைப் பழம், பனங்கட்டி இல்லாமல். 'பனங்கட்டி சீனியைக் கூட்டாது' என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. கூட்டும்.

சிறுநீரக வருத்தம் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இந்த வருத்தம் உள்ளவர்களுக்குப் பழங்களில் உள்ள பொட்டாசியம் உடம்பில் தேங்கும். கசாயம், சூரணம் எதுவானாலும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இது விளாவுக்கு மட்டும் சொல்வதல்ல.

கர்ப்பிணிகள் பழம் அளவோடு தின்னலாம். மருந்து அளவில் காய், இலை, பட்டை வேண்டாம். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையோடு விளாங்காய் சேரவே கூடாது. கத்தி கறுப்பதைச் சொன்னோம் அல்லவா, வயிற்றுக்குள்ளும் அதே துவர்ப்பு அதே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குளிசை எடுத்து 2 மணித்தியாலம் கழித்துத் தின்னுங்கள்.

பாம்பு கடித்தால் விளாம்பட்டையை அரைத்துப் போடலாம் என்கிறார்களே?

வேண்டாம். பட்டையும் வேண்டாம், இலையும் வேண்டாம், கீறி உறிஞ்சவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் தடியோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது இருக்கிற வாகனத்தில் ஏற்றுங்கள். விசமுறிவு ஊசி மட்டும்தான் மருந்து. விரியன் கடித்து இரத்தம் உறையாமல் போகத் தொடங்கினால் ஒவ்வொரு மணித்தியாலமும் சிறுநீரகத்தைத் தின்னும். பட்டை அரைக்கிற நேரம் அந்த நேரம்தான்.

குளவி, பூரான் கடிக்குப் பழச்சதை பூசுவது வேறு. கொஞ்சம் ஆறுதல் தரலாம், கெடுதல் இல்லை. மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளையாருக்கு விளாம்பழம் ஏன்?

யானைமுகத்தானுக்கு யானைப் பழம். அவருக்குரிய பழைய வடமொழிச் சுலோகத்தில் கபித்தமும் ஜம்புவும், அதாவது விளாவும் நாவலும், பெயர் சொல்லியே வருகின்றன. சிவனுக்கான பஞ்ச வில்வத்தில் வில்வத்தோடு விளா இலையும் ஒன்று. முறிகண்டியில் இறங்கி நின்று கச்சான் வாங்குகிற வழக்கத்தில் ஒரு விளாம்பழமும் சேர்ந்தால் பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

'ஆனை உண்ட விளாம்பழம்' உண்மையா? ஓடு உடையாமல் உள்ளே மட்டும் காணாமற் போகுமா?

போகாது. யானை ஓட்டைக் கடித்து நொறுக்கித்தான் விழுங்கும். ஓடு முழுசாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாமல் கிடப்பது பூச்சியின் வேலை. முன்பு சொன்ன ஊசித் துளைப் பழம்தான் அது. இப்படிப் பழத்தை வெறுமையாக்கும் நோய்க்கே 'வேழம்' என்று பெயர் இருந்தது, அந்தச் சொல்லுக்கு யானை என்ற பொருளும் இருப்பதால் கதை இப்படித் திரும்பிவிட்டது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு.

ஆனால் விளாவுக்கு யானை வேண்டும். விதை யானையின் வயிற்றுக்குள் போய் இலத்தியோடு வந்து முளைக்கிறது. காட்டுப் பாதையில் காய்ந்த இலத்திக் குவியலைக் குச்சியால் கிண்டினால் ஓட்டுத் துண்டும் முளைவிட்ட விதையும் சேர்ந்தே கிடக்கும். யாரும் நடாத இடத்தில் விளாத்தி வரிசையாக நிற்பதற்கு ஒரு விளக்கம் இது.

வளவில் ஒன்று நடலாமா? எத்தனை வருடத்தில் காய்க்கும்?

விதையிலிருந்து வந்தால் 15 வருடம் வரை ஆகும். இன்று நட்டு நாளைக்குப் பறிக்கிற மரமல்ல. ஒட்டுக் கன்று கிடைத்தால் பாதிக் காலத்துக்குள் காய்க்கும்.

பழுத்த பழத்தின் விதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பழசாகுமுன் போடுங்கள். முளைக்க 2, 3 கிழமை. ஒரு முழமானதும், ஐப்பசியில் மழை பிடித்த பிறகு, 2 அடிக் குழியில் மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நடுங்கள். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 25 அடி தள்ளி. சிவத்த மண்ணானாலும் மணலானாலும் வளரும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு வாளி தண்ணீர்.

கன்றுக்கு இரண்டு எதிரிகள். ஆடு ஒன்று, அதற்கு முள்வேலி. மற்றது மயிர்க்கொட்டி அல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் இலையின் மேல் காக்கை எச்சம் விழுந்தது போல, கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு கிழமையில் பச்சையாகித் தடித்து, தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு செந்நிறக் கொம்பை நீட்டி நாறும். அதற்குள் கன்று மொட்டையாகிவிடும். காலையில் இலையைப் புரட்டிப் பார்த்து எச்சம் போல இருப்பவற்றைக் கையால் எடுங்கள். மருந்தடிக்கத் தேவையில்லை.

காட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கலாமா?

ஒதுக்கக் காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் எதையும் எடுக்க முடியாது, விழுந்த பழமும் அதில் அடங்கும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ மிதிவெடி எச்சரிக்கை நாடாவோ இருந்தால், ஒரு அடி உள்ளே நல்ல பழம் கிடந்தாலும் திரும்பிவிடுங்கள். பலகை விழுந்து மண்மூடிப் போன இடங்களும் இருக்கலாம் என்பதால், ஊரவர் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோர ஊர்களில் வளவுக்குள் மரம் உள்ளவர்கள் விழுந்த பழத்தைப் பொழுதுபடுமுன் பொறுக்கி உள்ளே வையுங்கள். சாக்கில் கட்டி வெளித் திண்ணையில் வைத்தால் மணம் யானையைக் கூட்டிக்கொண்டு வரும், சாக்குக்காகச் சுவரையே தள்ளும். வீட்டுக்குள் வைப்பதும் சமையலறைச் சுவரோரம் கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாவில் போட்டு, ஆட்கள் படுக்காத அறையில் வையுங்கள்.